அரோனியன்–ஆனந்த் 2013: ஒரே ஆட்டத்தை வைத்து மெரான் ஓப்பனிங்கைக் கற்றுக்கொள்வது எப்படி?

வெள்ளைக் காய்களை வைத்திருப்பவர் டி4 என்று தொடங்கினால் கறுப்புக் காய்களை வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்? யாங்கோனில் நான் சனி ஞாயிறுகளில் செஸ் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். விதிகள் எல்லாம் அத்துப்படி. செக்மேட் செய்யவும் தெரியும். முதல் பத்து மூவ்களில்தான் தடுமாறுகிறார்கள். போனில் ஓப்பனிங் வீடியோ பார்த்து இருபது வழிகளை மனப்பாடம் செய்திருப்பார்கள், எதிரில் இருப்பவர் மூன்றாவது மூவிலேயே வேறு வழிக்குப் போனால் கை நின்றுவிடும்.

இதற்கு நான் நம்பும் வழி ஒன்றுதான். ஒரு நல்ல ஆட்டத்தை எடுத்து, அதிலுள்ள ஓப்பனிங்கை அந்த ஆட்டத்தின் முடிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆறாவது மூவில் செய்த காரியம் இருபத்துமூன்றாவது மூவில் எப்படிப் பலன் தருகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால், அதற்கப்புறம் மனப்பாடம் தேவைப்படாது. அதற்கு நான் தேர்ந்தெடுத்திருப்பது 2013 ஜனவரி 15 அன்று நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ நகரில், டாடா ஸ்டீல் போட்டியின் நான்காவது சுற்றில் நடந்த ஆட்டம். வெள்ளை லெவோன் அரோனியன், கறுப்பு விஸ்வநாதன் ஆனந்த். ஆனந்த் அப்போது உலக சாம்பியன். அரோனியன் அன்று உலகின் தலைசிறந்த நான்கைந்து பேரில் ஒருவர். ஆட்டம் 23 மூவ்களில் முடிந்தது.

தேவையான பொருட்கள்

ஒரு நிஜமான பலகை, ஒரு நோட்டு, பென்சில். அவ்வளவுதான். போன் வேண்டாம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இது வசதியும்கூட: கீழே உள்ள மூவ்களைப் பகலிலேயே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் படிக்கலாம். காயைக் கையால் எடுத்து வைக்கும்போது மனதில் பதிவது திரையைத் தேய்க்கும்போது பதிவதில்லை. இதைப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கட்டங்களுக்கு ஏ முதல் எச் வரை எழுத்தும் 1 முதல் 8 வரை எண்ணும். வெள்ளையின் இடது கை மூலை ஏ1. வெட்டுவதற்கு × போடுகிறேன். மூலைவிட்டத்தில் போவது மந்திரி, நேர்கோட்டில் போவது யானை. காய் பெயர் எழுதாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய்.

ஆட்டம் முழுவதும்

1. டி4 – டி5
2. சி4 – சி6
3. குதிரை எஃப்3 – குதிரை எஃப்6
4. குதிரை சி3 – இ6
5. இ3 – குதிரை பி8லிருந்து டி7
6. மந்திரி டி3 – டி×சி4
7. மந்திரி×சி4 – பி5
8. மந்திரி டி3 – மந்திரி டி6
9. கோட்டை – கோட்டை
10. ராணி சி2 – மந்திரி பி7
11. ஏ3 – யானை சி8
12. குதிரை ஜி5 – சி5
13. குதிரை×எச்7 – குதிரை ஜி4
14. எஃப்4 – சி×டி4
15. இ×டி4 – மந்திரி சி5
16. மந்திரி இ2 – குதிரை டி7லிருந்து இ5
17. மந்திரி×ஜி4 – மந்திரி×டி4 செக்
18. ராஜா எச்1 – குதிரை×ஜி4
19. குதிரை×எஃப்8 – எஃப்5
20. குதிரை ஜி6 – ராணி எஃப்6
21. எச்3 – ராணி×ஜி6
22. ராணி இ2 – ராணி எச்5
23. ராணி டி3 – மந்திரி இ3
வெள்ளை தோல்வியை ஒப்புக்கொண்டது.

இரண்டு பேரும் கட்டியது ராஜா பக்கக் கோட்டை. முதல் தடவை எதையும் யோசிக்காமல் கடைசி வரை வைத்துப் பாருங்கள். கடைசி நிலையில் பலகையை அப்படியே விட்டுவிட்டு, பி7ல் நிற்கும் கறுப்பு மந்திரியைக் கவனியுங்கள். பத்தாவது மூவில் அங்கே வந்த பிறகு அது அசையவே இல்லை. ஆனாலும் வெள்ளை ராஜாவின் கழுத்தில் கத்தி வைத்திருப்பது அதுதான். மெரான் ஓப்பனிங் முழுவதும் இந்த ஒரு மந்திரியின் கதை.

முதல் படி: அடைபட்ட மந்திரி

சி6, இ6 என்று சிப்பாய்களை வைத்து டி5ஐத் தாங்கும் இந்த அமைப்புக்கு செமி-ஸ்லாவ் என்று பெயர். உறுதியான அமைப்பு. ஆனால் நான்காவது மூவில் இ6 வைத்ததும் சி8ல் இருக்கும் மந்திரி அடைபட்டுவிடுகிறது. இதை நோட்டில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள்: “சி8 மந்திரி எப்படி வெளியே வரும்?” கறுப்பு இனிச் செய்யும் ஒவ்வொன்றும் இதற்கான பதில்.

ஆறாவது மூவ் வரை கறுப்பு பொறுமையாக இருந்ததைப் பாருங்கள். சி4 சிப்பாயை முன்பே வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை. வெள்ளை மந்திரி டி3க்கு வந்த பிறகுதான் வெட்டுகிறது. இப்போது அந்த மந்திரி சி4க்கு இரண்டாவது தடவை நகர வேண்டும். உடனே பி5 அடித்து விரட்டுகிறது, மந்திரி மூன்றாவது தடவையாக டி3க்கே திரும்புகிறது. இதற்குள் கறுப்புக்கு பி5 கிடைத்துவிட்டது. பி7 காலியானதால் அடைபட்ட மந்திரிக்கு ஓர் இடமும் கிடைத்துவிட்டது.

இதுதான் மெரான். 1924ல் இத்தாலியின் வடக்கே மெரான் என்ற ஊரில் நடந்த போட்டியில், க்ருன்ஃபெல்டுக்கு எதிராக ருபின்ஸ்டைன் கறுப்பில் இதை ஆடி ஜெயித்தார். அதிலிருந்து ஊர்ப் பெயரே ஓப்பனிங்குக்கு ஒட்டிக்கொண்டது. ருபின்ஸ்டைன் எட்டாவது மூவில் ஏ6 ஆடினார். ஆனந்த் இந்த ஆட்டத்தில் மந்திரி டி6 ஆடுகிறார்.

மந்திரி டி6 ஆடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. வெள்ளை ஒன்பதாவது மூவில் கோட்டை கட்டாமல் இ4 தள்ளினால், அடுத்து இ5 வந்து டி6 மந்திரியையும் எஃப்6 குதிரையையும் ஒன்றாகத் தாக்கும். ஆகவே கறுப்பு உடனே தானே இ5 தள்ளிவிட வேண்டும். என் வகுப்பில் இதை மறந்து காய் இழக்காத பிள்ளையே இல்லை.

இரண்டாம் படி: சி5 எப்போது?

பத்தாவது மூவில் மந்திரி பி7க்கு வந்துவிட்டது. ஆனால் இன்னும் விடுதலை இல்லை. எதிரே சி6ல் சொந்தச் சிப்பாயே வழியை மறிக்கிறது. அந்தச் சிப்பாய் சி5க்கு நகர்ந்தால் பி7லிருந்து எச்1 வரை முழு மூலைவிட்டமும் திறக்கும், வெள்ளையின் டி4 சிப்பாயும் அசையும். மெரான் ஆடுகிறவர் தினமும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: சி5 இப்போது முடியுமா? யானை சி8க்கு வந்ததும் அதற்காகத்தான். கறுப்பால் சி5 தள்ளவே முடியாமல் போனால், எவ்வளவு அழகாகக் காய்களை வைத்திருந்தாலும் நசுங்கித்தான் போகும்.

நம்மூர்ப் பெரியவர்கள் டீக்கடையில் சித்துயின் ஆடுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரிகிறது. பர்மாவின் அந்தப் பழைய சதுரங்கத்தில் சிப்பாய்கள் மட்டும்தான் முதலில் பலகையில் இருக்கும், நான்கு மூன்றாம் வரிசையில், நான்கு நான்காம் வரிசையில். மற்ற காய்களை அவரவர் விருப்பப்படி பின்னால் அடுக்கிக்கொள்ள வேண்டும். அடுக்கும்போதே எந்த இடத்தில் உடைக்கப் போகிறோம் என்று யோசித்துத்தான் அடுக்குவார்கள். மெரானிலும் அதே யோசனைதான், அடுக்குவதற்குப் பத்து மூவ் செலவாகிறது என்பது மட்டுமே வித்தியாசம்.

மூன்றாம் படி: மூடி வைத்து ஊகிப்பது

இங்கிருந்து நோட்டின் மேல் ஒரு காகிதத்தை வைத்து மூவ்களை மறைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையின் மூவை மட்டும் வெளியே விட்டு, கறுப்பின் பதிலை நீங்களே ஊகித்து எழுதிய பிறகு காகிதத்தை நகர்த்துங்கள். அவசரம் வேண்டாம். ஓர் இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் நல்லதுதான்.

12. குதிரை ஜி5. சி2 ராணி, டி3 மந்திரி, ஜி5 குதிரை மூன்றும் எச்7ஐக் குறி வைக்கின்றன. பெரும்பாலோர் இங்கே எச்6 அல்லது ஜி6 என்று தற்காப்பு எழுதுவார்கள். ஆனந்த் சி5 ஆடினார். எச்7 போனால் போகட்டும், என் மந்திரிக்கு வழி வேண்டும் என்கிறது இந்த மூவ்.

13. குதிரை×எச்7. இப்போது எஃப்8 யானையும் தாக்கப்படுகிறது. கறுப்புக் குதிரை ஜி4க்குப் பாய்கிறது. டி6 மந்திரியும் ஜி4 குதிரையும் சேர்ந்து எச்2ஐப் பார்க்கின்றன. அரோனியன் எஃப்4 வைத்து மந்திரியின் வழியை அடைத்தார்.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். எஃப்4 ஒரு மூலைவிட்டத்தை அடைத்தது சரி. ஆனால் அந்தச் சிப்பாய் எஃப்2லிருந்து போனதால் வேறு எது திறந்தது? ஜி1லிருந்து ஏ7 வரை. சிப்பாய்கள் டி4ல் கைமாறியதும் இ3யும் காலி. ராஜாவுக்கு முன்னால் அந்தக் கோட்டில் இருப்பது டி4 சிப்பாய் ஒன்றுதான். அதனால்தான் 15ஆவது மூவில் மந்திரி சி5! டி4 சிப்பாய் வெட்டக்கூடிய இடத்திலேயே போய் நிற்கிறது. டி×சி5 என்று எடுத்தால், குதிரை×சி5 வந்து டி3 மந்திரியைத் தாக்கும், டி4ல் ராணி செக் கொடுக்கவும் பாதை திறந்துவிடும்.

அரோனியன் எடுக்கவில்லை. மந்திரியை இ2க்கு இழுத்து ஜி4 குதிரையைத் தாக்கினார். இப்போது கறுப்பின் எஃப்8 யானை, சி5 மந்திரி, ஜி4 குதிரை மூன்றும் வெட்டுப்படும் நிலையில் தொங்குகின்றன. உங்கள் பதிலை எழுதுங்கள். எழுதிய பிறகுதான் காகிதத்தை நகர்த்த வேண்டும்.

நான்காம் படி: 16ஆவது மூவில் தங்குங்கள்

குதிரை இ5. நான்காவது காயையும் வெட்டுக்குக் கொடுக்கிறார்.

வகுப்பில் இதை வைத்துக் காட்டியபோது ஒரு சின்னப் பெண் கேட்டாள்: “சயா (ஆசிரியரே), டி4 சிப்பாயால இந்தக் குதிரையை வெட்டிட்டா?”

“வெட்டிப் பாரும்மா.”

கையை நீட்டினாள், சிப்பாயைத் தூக்கினாள், பாதியில் நிறுத்தினாள். சி5 மந்திரியிலிருந்து ஜி1 வரை விரலால் கோடு இழுத்துப் பார்த்துவிட்டு சிப்பாயைத் திரும்ப வைத்தாள். “ராஜாவுக்கு செக் விழுது.”

சரியாகச் சொன்னாள். அந்தச் சிப்பாய் கட்டப்பட்டிருக்கிறது. சி5 மந்திரியை வேண்டுமானால் வெட்டலாம், இ5 குதிரையைத் தொட முடியாது. குதிரையை வெட்டக்கூடியது எஃப்4 சிப்பாய் மட்டும்தான். அதையும் பலகையில் வைத்துப் பாருங்கள்:

17. எஃப்×இ5 – ராணி×டி4 செக்
18. ராஜா எச்1 – ராணி ஜி1 செக்!
19. யானை×ஜி1 – குதிரை எஃப்2 செக்மேட்

ஜி1ல் நிற்கும் ராணியை ராஜாவால் வெட்ட முடியாது, சி5 மந்திரி பின்னால் இருந்து காக்கிறது. யானை வெட்டியாக வேண்டும். வெட்டியதும் ராஜாவைச் சுற்றிச் சொந்தக் காய்களே அடைத்துக்கொள்கின்றன, குதிரை ஒன்றே போதும். சி2 ராணி எஃப்2ஐ வெட்டலாமே என்று தோன்றும், ஆனால் நடுவில் இ2 மந்திரி நிற்கிறது. 18ஆவது மூவில் வேறு வழி உண்டா என்று தேடுங்கள். யானை எஃப்2 வைத்தால் ராணி×எஃப்2 செக், ராஜா எச்1, ராணி ஜி1 மேட். மந்திரி இ3 வைத்தால் ராணி×இ3 செக், பிறகு அதே கதை. இந்த மூன்று கிளைகளையும் பார்க்காமல் கையால் வைக்கத் தெரியும் வரை அடுத்த மூவுக்குப் போகாதீர்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால், இந்த நிலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் ஆனந்த் பலகை முன்னால் உட்கார்ந்தபடி முதலிலிருந்து கண்டுபிடிக்கவில்லை. 2012 மே மாதம் மாஸ்கோவில் கெல்ஃபாண்டுடன் நடந்த உலக சாம்பியன் போட்டிக்காக அவரும் குழுவினரும் செய்த தயாரிப்பில் இந்த வழியின் கரு இருந்தது. அந்தப் போட்டியில் பயன்படாமல் போனது எட்டு மாதம் கழித்து இங்கே பலன் தந்தது. தயாரித்ததை மறுபடி நினைவுக்குக் கொண்டுவர, ஒவ்வொரு மூவின் காரணமும் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: முடிவு வரை

17ஆவது மூவில் வெள்ளை ஜி4 குதிரையை வெட்டுகிறது, கறுப்பு மந்திரி டி4ல் செக், ராஜா மூலைக்கு, இ5 குதிரை ஜி4க்கு. பிறகு வெள்ளைக் குதிரை எஃப்8 யானையைத் தின்கிறது. இங்கே ராணி எச்4 என்று பாய எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். பாய்ந்தால் வெள்ளை ராணி எச்7ல் செக் கொடுக்கும், ராணிகள் கைமாறும், தாக்குதல் ஓய்ந்துவிடும். ஆனந்தின் எஃப்5 அமைதியான மூவ். சி2லிருந்து எச்7 வரையான மூலைவிட்டத்தை மூடுகிறது. இனி ராணி எச்4 வந்தால் எச்2ல் மேட். அதைத் தடுக்கத்தான் வெள்ளைக் குதிரை ஜி6க்குப் போகிறது, ராணி எஃப்6 வந்து அதைத் தாக்குகிறது.

21. எச்3 ஜி4 குதிரையைத் தாக்குகிறது, ஆனந்த் கவலைப்படாமல் ஜி6 குதிரையை வெட்டுகிறார். எச்×ஜி4 என்று எடுத்தால்? ராணி எச்6, மேட். எச் கோடு திறந்துவிட்டது, ஜி1ஐ டி4 மந்திரி பார்க்கிறது.

22. ராணி இ2 – ராணி எச்5. அடுத்து ராணி×எச்3 மேட். ஜி2 சிப்பாயால் ராணியை வெட்ட முடியாதா? முடியாது, பி7 மந்திரி அதைக் கட்டிப்போட்டிருக்கிறது. நான்காவது மூவில் அடைபட்ட அதே மந்திரி. வெள்ளை ராணி டி3க்கு வந்து மூன்றாம் வரிசை வழியாக எச்3ஐக் காக்கிறது. கறுப்பு மந்திரி இ3க்குப் போய் அந்த வரிசையை மறிக்கிறது. மந்திரி×இ3 என்றால் ராணி×எச்3 செக், ராஜா ஜி1, ராணி எச்2 மேட். ராணி×இ3 என்றால் ராணியை இழக்கும். அரோனியன் கை கொடுத்துவிட்டார். கடைசி நிலையில் காய்களை எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கை சமம், ஆனால் கறுப்பிடம் கூடுதலாக ஒரு மந்திரி இருக்கும் இடத்தில் வெள்ளையிடம் ஒரு யானை இருப்பதால் மதிப்பில் வெள்ளையிடம்தான் அதிகம்.

இந்த ஆட்டத்தை 1907ல் லோட்ஸ் நகரில் ரோட்லெவியை ருபின்ஸ்டைன் தோற்கடித்த ஆட்டத்தோடு ஒப்பிடுவார்கள். அங்கேயும் இரண்டு மந்திரிகள் பக்கத்துப் பக்கத்து மூலைவிட்டங்களில், ஜி4ல் குதிரை, எச்4ல் ராணி. அதையும் ஒரு நாள் பலகையில் வையுங்கள். இரண்டும் நூறு வருட இடைவெளியில் நடந்த ஒரே யோசனை.

ஆறாம் படி: உங்கள் கைக்கு வர

11ஆவது மூவ் முடிந்த நிலையைப் பலகையில் வைத்து ஒரு நண்பருடன் ஆடுங்கள். ஒரு தடவை வெள்ளை, ஒரு தடவை கறுப்பு. வெள்ளை 12ஆவது மூவில் குதிரை ஜி5 ஆட வேண்டும் என்று கட்டாயமில்லை. என்ன ஆடினாலும் கறுப்பு தேட வேண்டியது சி5தான். தோற்ற ஆட்டங்களில் சி5 எத்தனையாவது மூவில் வந்தது, அல்லது வரவே இல்லையா என்று நோட்டில் குறித்து வையுங்கள். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில். முதலிலேயே போட்டால் உங்கள் தலைக்கு வேலை இருக்காது.

இது ஓரளவு படிந்த பிறகு 2008ல் பான் நகரில் கிராம்னிக்குடன் நடந்த உலக சாம்பியன் போட்டியின் மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களுக்குப் போங்கள். இரண்டிலும் ஆனந்த் கறுப்பில் மெரான் ஆடி ஜெயித்தார். அங்கே எட்டாவது மூவில் ஏ6, ஒன்பதாவது மூவிலேயே சி5. இதைவிடக் கரடுமுரடான வழி, ஆனால் பி7 மந்திரி என்ன செய்கிறது என்று பார்க்கப் பழகிவிட்டால் திணற மாட்டீர்கள்.

எதிரி வேறு வழி போனால்

நம்மூர்ப் போட்டிகளில் அரோனியன் ஆடியபடியே யாரும் ஆடப் போவதில்லை. அதனால் அடிக்கடி வருபவற்றுக்கு மட்டும் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில பேர் மூன்றாவது மூவில் சி×டி5 என்று வெட்டுவார்கள். நீங்கள் சி×டி5 வெட்டுங்கள். இங்கே இ6க்கு அவசரப்படாமல் சி8 மந்திரியை முதலில் எஃப்5க்கு வெளியே கொண்டுவரப் பாருங்கள், இந்த அமைப்பில் அது கிடைக்கும்.

ஐந்தாவது மூவில் மந்திரி ஜி5 வந்தால் பெரிய காடு. பாட்வினிக், மாஸ்கோ என்று ஆழமான வழிகள் இருக்கின்றன. புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்வது குதிரை டி7, வெள்ளை இ3 வைத்ததும் ராணி ஏ5. கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸ் என்று பெயர். நினைவில் வைப்பது சுலபம், பொறிகளும் உண்டு.

ஆறாவது மூவில் மந்திரி டி3க்குப் பதில் ராணி சி2 வந்தால் மந்திரி டி6 ஆடுங்கள். வெள்ளை அமைதியாகக் காய்களை எடுத்து வைத்தால் கோட்டை கட்டி, வெள்ளை மந்திரி டி3க்கு வந்த பிறகு சி4ஐ வெட்டி, பி5, மந்திரி பி7 என்று அதே வீட்டுக்கு வந்துசேரலாம். வெள்ளை உடனே ஜி4 தள்ளினால் அது ஷபலோவ்–ஷிரோவ் தாக்குதல். அந்த நேரம் சிப்பாயை எடுக்க வேண்டும் என்று பதறாமல், ராஜாவை எந்தப் பக்கம் வைப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது மூவில் சி4 வராமல் மந்திரி எஃப்4 வந்தால், அது லண்டன் என்ற ஓப்பனிங். அங்கே வெட்டுவதற்கு சி4 சிப்பாய் இல்லாததால் மெரான் கிடையாது. சி6ல் நிற்காமல் நேராக சி5 தள்ளுங்கள்.